சீட்டு இல்லாமல் தராத கடை: தஞ்சாவூர் மருந்தகம் ஒன்றில் ஓராண்டு

கடந்த ஐப்பசி அடைமழையின்போது, இரண்டு நாள் காய்ச்சலும் தொண்டை வலியுமாக அந்த மருந்தகத்தின் முன் போய் நின்று, பல ஆண்டுப் பழக்கத்தில் “அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை கொடுங்கள்” என்று ஆன்டிபயாட்டிக் கேட்டேன். உள்ளே இருந்த பெண் மருந்தாளுநர் சீட்டைக் கேட்டார். முந்தைய ஆண்டு மருத்துவர் எழுதிய சீட்டின் படம் கைப்பேசியில் இருந்தது, அதை நீட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டு, “இது போன வருஷத்துக் காய்ச்சலுக்கு எழுதினது சார், இந்தக் காய்ச்சலை இன்னும் யாரும் பார்க்கலையே” என்று சொல்லிப் பாராசிட்டமாலும் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலமும் மட்டும் எடுத்து வைத்தார். உடம்பு வலிக்கு இபுபுரூஃபென் கேட்டேன். டெங்கு பரவும் மாதத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் அதைப் போட்டால் இரத்தக் கசிவுக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று அதையும் மறுத்துவிட்டார்.

கோபத்தோடு அதே சாலையில் இருந்த வேறொரு கடைக்குப் போனேன். அங்கே எந்தக் கேள்வியும் இல்லை. காய்ச்சலுக்கு, சளிக்கு, உடம்பு வலிக்கு என்று நாலைந்து மாத்திரைகளைச் சேர்த்து ‘செட்’ போட்டுக் கொடுக்கும் கடைகளில் அதுவும் ஒன்று. கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி மூன்று மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் பார்த்தபோதுதான் தெரிந்தது: மருந்தின் பெயரில் பாதி என்னிடம் இருந்தது, மீதிப் பாதியும் காலாவதி மாதமும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது. ரசீதும் தரவில்லை. கையில் இருப்பது எந்த ஆண்டு மாத்திரை, எந்தத் தொகுதி என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். தொண்டையைப் பார்த்து, இரத்த அணுக்களைச் சோதிக்கச் சொல்லி, வைரஸ் காய்ச்சல்தான் என்று முடிவுசெய்த அவர், ஆன்டிபயாட்டிக் எதுவும் எழுதவில்லை. பாக்டீரியாவின் செல்சுவரையோ, அது புரதம் தயாரிக்கும் பொறியையோ குறிவைக்கும் மருந்துக்கு வைரஸிடம் தாக்குவதற்கு ஒன்றுமே கிடையாது. ஆனால் நம் குடலிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. அவற்றில் தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. நான்கைந்து நாளில் தானாக அடங்கும் காய்ச்சலுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டுக்கொண்டு, ‘கேட்டுவிட்டது’ என்று எத்தனை முறை நம்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வாங்கிய மூன்றும் போடப்படாமல் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. அந்த வாரமே முதல் கடைக்குத் திரும்பிப் போனேன்; இந்த ஓராண்டில் என் வீட்டுக்கு மருந்து வாங்குவதெல்லாம் அங்கேதான்.

கடை மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். குளிர்சாதனம் கிடையாது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் வெப்பமானி தொங்குகிறது. காலையும் மாலையும் பார்த்துப் பக்கத்தில் உள்ள தாளில் குறித்துவைக்கிறார்கள். உரிமமும் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழும் சட்டமிட்டு மாட்டியிருக்கின்றன. சான்றிதழில் உள்ள முகமும் கடையில் நிற்கும் முகமும் ஒன்றே என்பதை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் என்று 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம் சொன்னாலும், சான்றிதழ் ஒருவருடையதாகவும் மருந்து எடுத்துக் கொடுப்பவர் பள்ளிப் படிப்பை முடித்த பையனாகவும் இருக்கும் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கும் உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். அவன் எடுத்து வைக்கலாம், அவர் பார்க்காமல் உறையில் போட முடியாது.

கடையின் தரம் எனக்கு முழுதாகப் புரிந்தது மாசி மாதத்தில், என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது. அவருக்கு 68 வயது. மருத்துவர் முதலில் சிறுநீரை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நைட்ரோஃபுரான்டோயின் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாட்களுக்கு என்று எழுதினார். இந்த வரிசை முக்கியம். மருந்தைத் தொடங்கிவிட்டு மாதிரி கொடுத்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று தெரியாமலே போய்விடக்கூடும். மருந்தாளுநர் சீட்டைப் படித்துவிட்டு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைத் தாயாருக்குச் சமீபத்தில் எடுத்ததா என்று கேட்டார். சிறுநீரகம் போதிய அளவு வேலை செய்யாவிட்டால் இந்த மருந்து சிறுநீரில் போய்ச் சேராது, உடம்பில் தங்கித் தீங்கு செய்யும் என்றார். முடிவைக் கைப்பேசியில் காட்டினேன். வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார், இதற்கு முன் எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா என்பவை அடுத்த கேள்விகள். நெஞ்செரிச்சலுக்கு அவ்வப்போது குடிக்கும் ஜெல்லைச் சொன்னதும், பாட்டிலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். சில ஆன்டாசிட்டுகளில் உள்ள மக்னீசியம் டிரைசிலிக்கேட் இந்த மருந்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுத்துவிடுமாம். அந்த ஐந்து நாளும் ஜெல்லை நிறுத்திவைக்கச் சொன்னார்.

உறையில் அவர் எழுதித் தந்ததை அப்படியே தருகிறேன்: “காலை 8, இரவு 8. சாப்பிட்ட உடனே. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.” மூன்றே வாக்கியங்கள், பெரிய எழுத்தில், தமிழில். சீட்டில் இருந்த ‘1-0-1’ என்பதை என் தாயார் காலைச் சிற்றுண்டிக்கும் மாலைக் காப்பிக்கும் என்று எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு வேளைக்கும் நடுவில் 12 மணி நேரம் இருந்தால்தான் மருந்தின் அளவு இறங்கிவிடாமல் இருக்கும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. மூன்றாம் வாக்கியம் இல்லாதிருந்தால், இரண்டாம் நாள் காலையில் இரத்தம் போகிறது என்று பதறி மருந்தை நிறுத்தியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நான்காம் நாள் எரிச்சல் போய்விட்டது. மீதி மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார் தாயார். “அடுத்த தடவைக்கு ஆகும்டா” என்றார். அந்த டின்னில் ஏற்கெனவே ஏழெட்டு வகை அரைகுறை அட்டைகள் இருந்தன. பக்கத்து வீட்டு மாமி கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் உட்பட. அன்று மாலை தாயாரையே கடைக்கு அழைத்துப் போனேன். எரிச்சல் நின்றதற்குக் கிருமிகள் குறைந்திருக்கின்றன என்பதுதான் பொருள், முழுதும் போய்விட்டன என்பதல்ல. மருத்துவர் குறைத்துக்கொள்ளச் சொன்னால் குறைக்கலாம், நாமாகக் குறைக்கக்கூடாது என்று மருந்தாளுநர் அவரிடம் சொன்னார். ஆன்டிபயாட்டிக் என்றாலே ‘முழு கோர்ஸ்’ என்று நீண்ட நாள் எழுதிய காலம் மாறி, சில தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று மருத்துவ உலகமே இன்று சுருக்கிவருகிறது. ஆனால் எந்தத் தொற்றுக்கு எத்தனை நாள் என்ற கணக்கு டின்னுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அட்டையைப் பற்றி அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: “அது அவங்க கிருமிக்குக் கொடுத்தது அம்மா.”

என் தங்கையின் மூன்று வயது மகனுக்குக் காதில் சீழ் வைத்தபோது மருத்துவர் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த டிரை சிரப்பை, அதாவது நீர் கலந்து கொடுக்கும் தூள் மருந்தை, எழுதியிருந்தார். மருந்தின் பெயரும் ‘5 மி.லி., இரு வேளை’ என்பதும் இருந்தன, வீரியம் இல்லை. இந்த மருந்து 5 மில்லிக்கு 228.5 மி.கி. என்றும் 457 மி.கி. என்றும் இரண்டு வீரியங்களில் வருகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் குழந்தைக்குப் பாதியாகவோ இரு மடங்காகவோ மருந்து போகும். குழந்தையின் எடையைக் கேட்டுக்கொண்ட மருந்தாளுநர், தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், சீட்டில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் வேறொரு நோயாளியுடன் இருந்ததால் இருபது நிமிடம் காத்திருந்தோம். என் தங்கை பொறுமையிழந்து இரண்டு முறை என்னைப் பார்த்தாள். பதில் வந்ததும் சீட்டிலேயே வீரியத்தை எழுதி, தேதியோடு கையொப்பமிட்டார்.

பிறகு எங்கள் கண் முன்னாலேயே கலந்து காட்டினார். பாட்டிலைத் தட்டி, அடியில் ஒட்டியிருந்த தூளை முதலில் உதிர்த்தார். பெட்டியில் வந்த சுத்திகரித்த நீரைப் பாதி ஊற்றி மூடிக் குலுக்கினார். நுரை அடங்கும்வரை மேசையில் வைத்துவிட்டு, பாட்டிலின் லேபிளில் இருந்த அம்புக்குறி வரை மீதியைச் சேர்த்து மறுபடியும் குலுக்கினார். நுரையைக் கோடு என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பிழை, அப்போது மருந்து கெட்டியாகி ஒவ்வொரு கரண்டியிலும் அளவு கூடிவிடும் என்றார். பெட்டியில் நீர் இல்லாவிட்டால் கொதிக்கவைத்து நன்றாக ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். பாட்டிலின் மேல் கலந்த தேதியையும் ஏழாம் நாளின் தேதியையும் பேனாவால் எழுதினார். குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்கவும், உறைய விடாமல் பார்க்கவும், ஒவ்வொரு முறையும் குலுக்கவும், சாப்பாடு தொடங்கும்போது கொடுக்கவும் சொன்னார். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். ஏழு ரூபாய், ரசீதில் இருக்கிறது.

குழந்தைக்கு இரண்டாம் நாள் இளகலாகப் போயிற்று. இந்த மருந்துக்கு அது அடிக்கடி நடப்பதுதான், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மலத்தில் இரத்தம் வந்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மருந்தாளுநர் முன்னமே பிரித்துச் சொல்லியிருந்ததால், வீட்டில் யாரும் கலவரப்படவில்லை.

மைத்துனருக்கு டைஃபாய்டு வந்து செஃபிக்சிம் எழுதப்பட்டபோது அந்தக் கடையின் தடித்த பதிவேட்டைப் பார்த்தேன். செஃபிக்சிம் ‘அட்டவணை எச்1’ மருந்து. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த விதிக்குப் பின்னணியில் நம் மாநிலத்துக்கும் பங்குண்டு. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பாபெனெம்களையும் செயலிழக்கச் செய்யும், சில பாக்டீரியாக்களிடம் உள்ள என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகள் இடம்பெற்றன. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் சீட்டில்லா ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கடிவாளம் கோரிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. அடுத்த ஆண்டு எச்1 அறிவிக்கை வந்தது. பதிவேட்டைக் கண்ணால் பார்த்தது எனக்கு இந்தக் கடையில்தான் முதல் முறை. அதற்கு முன் செஃபிக்சிம் வாங்கியதே இல்லை என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்ததும் சீட்டின் மேல் ‘வழங்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தி, எண்ணிக்கையையும் தேதியையும் எழுதினார். அந்தச் சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்க முடியாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் 102 டிகிரி இருந்ததால் மைத்துனர் வேறு ‘வலுவான’ மருந்து கேட்டு வந்தார். சரியான மருந்தைப் போட்டாலும் டைஃபாய்டு காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகலாம், கவலையாக இருந்தால் எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். மருத்துவரும் மருந்தை மாற்றவில்லை. ஐந்தாம் நாள் மாலை காய்ச்சல் விட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதற்குறை, மறைவு இல்லாமை. என் தாயாரிடம் சிறுநீரைப் பற்றிய கேள்விகளெல்லாம் நான்கு பேர் நிற்கும்போது, தெருவுக்குக் கேட்கும் குரலில் கேட்கப்பட்டன. அவர் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். இவ்வளவு கவனம் உள்ளவர் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தாழ்ந்த குரலில் பேசலாம். நான் சொன்ன பிறகு குரல் குறைந்தது, நாற்காலி இன்னும் வரவில்லை. அடுத்தது நேரம். முன்னால் இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. எழுதிய நிறுவனத்தின் மருந்து இல்லையென்றால், அதே சேர்மானமுள்ள வேறொன்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றித் தர மாட்டார். அது முறைதான் என்றாலும், மழையில் மூன்றாவது கடையைத் தேடிப் போனவனுக்குக் கசக்கத்தான் செய்யும்.

தாயாரின் பிஸ்கட் டின்னைக் காலி செய்ய முடிவெடுத்தபோதும் கடை கைகொடுக்கவில்லை. பிரிக்காத முழு அட்டையை ரசீதோடு கொண்டுபோனால் எடுத்துக்கொள்கிறார்கள். பிரித்ததையும் காலாவதியானதையும் வாங்குவதில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கழிப்பறையிலோ சாக்கடையிலோ போட்டால் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு நாமே பயிற்சி கொடுத்ததாகிவிடும் என்று அவரே சொன்னார். பிறகு எங்கே போடுவது என்று கேட்டதற்கு, அட்டையிலிருந்து பிரித்துக் காப்பித்தூள் சக்கையோடு கலந்து உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள் என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. கடையில் ஒரு பெட்டி வைத்துத் திரும்பப் பெற்று முறையாக அழிக்க அனுப்பலாம். இதை அவர் ஒருவரால் தொடங்க முடியாதுதான், ஆனாலும் கேட்டுவைத்திருக்கிறேன்.

விலையில் அச்சிட்ட விலைக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி, அவ்வளவுதான். கைப்பேசிச் செயலிகள் இதைவிடக் குறைந்த விலைக்குத் தருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செயலியில் சீட்டைப் பதிவேற்றாமலே ஆன்டிபயாட்டிக் ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். யாரோ அழைத்து, பெயரையும் வயதையும் என்ன தொந்தரவு என்பதையும் கேட்டார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மின்சீட்டு தயாராகிவிட்டது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஆர்டரை நானே நீக்கிவிட்டேன். பணம்தான் கவலை என்றால் அதே சேர்மானமுள்ள மருந்துகள் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனால் அலைச்சல் இருக்காது.

மற்ற வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் இங்கே வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உறையில் எழுதித் தரும் வரி மாறுகிறது. டாக்சிசைக்ளினுக்கு “ஒரு டம்ளர் தண்ணீருடன், அரை மணி நேரம் படுக்கக்கூடாது”; தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் தங்கினால் புண்ணாக்கிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு “பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்க்க வேண்டாம்”. மெட்ரோனிடசோலுக்கு “மது கூடாது”. அதை மட்டும் எழுதிவிட்டு, படித்துக் காட்டாமல் கையில் கொடுக்கிறார்.

போகிறவர்கள் அசல் சீட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் அட்டைகள், வயதானவராக இருந்தால் கடைசியாக எடுத்த சிறுநீரகப் பரிசோதனை முடிவு, குழந்தையாக இருந்தால் எடை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை கடை உண்டு. பகல் 2 மணி முதல் 4 மணி வரை மருந்தாளுநர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார், அந்த நேரத்தில் பையன் பாராசிட்டமாலும் பஞ்சும் மட்டுமே தருவான். ஞாயிறன்று பகல் 1 மணிக்கு மேல் கதவு மூடியிருக்கும்.